சுடுவதா, ஓடுவதா: எக்ஸ்காமில் சண்டை மிஷனையும் புதிர் மிஷனையும் பிரித்து ஆடுவது எப்படி

ஏலியன் படையெடுப்பைத் தடுக்கும் எக்ஸ்காம் கணினி ஆட்டத்தில், விமானம் ஏறுவதற்கு முன்னால், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இந்த மிஷன் எப்போது முடியும்? வரைபடத்தில் இருக்கிற கடைசி ஏலியன் விழுந்தால் முடியுமா, இல்லை நாம் ஓர் இடத்துக்குப் போய் ஒரு காரியத்தைச் செய்தால் முடியுமா? முதலாவது என்றால் அது சண்டை மிஷன். இரண்டாவது என்றால், குறுக்கே எத்தனை ஏலியன் வந்தாலும் அது புதிர் மிஷன்தான். யாரைக் கூட்டிப் போவது, எவ்வளவு வேகமாக நகர்வது, எப்போது சுடுவது, எப்போது சுடாமல் ஓடுவது எல்லாமே இந்தப் பதிலில் இருந்துதான் வருகிறது. ஆனால் ஆட்டம் இதை உட்கார வைத்துச் சொல்லித் தராது. இரண்டுக்கும் அதே துப்பாக்கி, அதே திரை, அதே பொத்தான்கள் என்பதால் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லா மிஷனையும் ஒரே மாதிரி ஆடி, நன்றாக வளர்த்த ஆட்களை அநியாயமாக இழக்கிறார்கள்.

நான் பேசுவது ஃபிராக்ஸிஸ் 2012-இல் வெளியிட்ட எக்ஸ்காம்: எனிமி அன்னோன் பற்றியும், 2013-இல் அதன் மேல் கட்டி வந்த எனிமி விதின் பற்றியும். 1994-இல் வந்த பழைய ஆட்டத்தைப் புதிதாக வார்த்தது இது. நான்கு பேரோடு ஆரம்பித்து, பயிற்சிப் பள்ளியில் செலவு செய்தால் ஐந்து, ஆறு என்று குழு வளரும். நாமும் ஏலியன்களும் மாறி மாறி ஆடுவோம், அந்த ஒரு முறைக்குப் பெயர் டர்ன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு டர்னில் இரண்டு செயல்: இரண்டு முறை நகரலாம், அல்லது ஒரு முறை நகர்ந்து ஒரு முறை சுடலாம், சுட்டுவிட்டால் பொதுவாக அந்த ஆளின் டர்ன் முடிந்தது. செத்தவர் திரும்பி வரமாட்டார். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கலாம்.

நேரம் உங்கள் பக்கம் இருக்கும்போது

ஏலியன்கள் மனிதர்களைக் கடத்த வரும் மிஷன், நாம் சுட்டு வீழ்த்திய பறக்கும் தட்டு, தானாகவே தரையிறங்கிய பறக்கும் தட்டு, இவையெல்லாம் சண்டை மிஷன். கடிகாரம் கிடையாது. ஏலியன்கள் இரண்டு மூன்றாகக் கூட்டம் சேர்ந்து அங்கங்கே நிற்கும், அல்லது மெதுவாகத் திரியும், உங்களைப் பார்க்கும்வரை பெரும்பாலும் பாயாது. அதனால் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. (எனிமி விதினில், ஆட்களை மேம்படுத்த உதவும் மெல்ட் என்கிற பொருளின் குப்பிகள் வந்து இதைக் கொஞ்சம் மாற்றின, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் சுடுவது கிடையாது, இருட்டைத் திறப்பது, அதாவது வரைபடத்தில் நம் ஆட்கள் இன்னும் பார்க்காத பகுதிக்குள் போவது. நீங்கள் ஒரு கூட்டத்தைக் கண்ட அந்த நொடியில் அவற்றுக்கு இலவசமாக ஒரு நகர்வு கிடைக்கும், ஓடிப்போய் ஏதாவது மறைவுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். உங்கள் டர்னின் தொடக்கத்தில், முதல் ஆளின் முதல் நகர்விலேயே இது நடந்தால் பரவாயில்லை, மீதி ஆட்கள் முழுசாக உங்கள் கையில் இருக்கிறார்கள். இதுவே கடைசி ஆளின் கடைசி நகர்வில் நடந்தால்? அவை பதுங்கி முடித்த கையோடு அவற்றின் டர்ன் வருகிறது, உங்கள் ஆட்கள் அப்படியே நிற்க, எல்லாம் சேர்ந்து சுடும். ஆரம்ப மாதங்களில் குழு மொத்தமாக அழிவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் பழக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: புது இடத்துக்கு முதல் ஆள் மட்டும் போகட்டும், அதுவும் ஒற்றை நகர்வு, நல்ல மறைவுக்கு. மற்றவர்கள் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட எல்லைக்குள்ளேயே நகரட்டும், மீதிச் செயலை ஓவர்வாட்சில், அதாவது எதிரி நகர்ந்தால் சுடக் காத்திருக்கும் நிலையில், போட்டுவிடட்டும். அந்த டர்னில் எதுவும் தென்படவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்த டர்னில் இன்னொரு நகர்வு.

அப்புறம் கவர், அதாவது மறைவு. அரை கவர் சுடுகிறவரின் குறியில் 20 குறைக்கும், முழு கவர் 40, இந்த இரண்டு எண்களும் கைவிரலில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆளின் குறி, அதாவது குண்டு படுவதற்கான வாய்ப்பு, 65 சதவீதம். எதிரே செக்டாய்ட் என்கிற சின்ன ஏலியன் அரை கவரில் இருந்தால் அது 45 ஆகிறது, முழு கவரில் இருந்தால் 25. கிட்டத்தில் போனாலோ மேட்டில் ஏறினாலோ கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 25 சதவீதத்தில் நான்கு பேர் வரிசையாகச் சுட்டுப் பார்ப்பது சண்டையே கிடையாது, நேர்த்திக்கடன். அந்த ஏலியனின் பக்கவாட்டுக்கு ஓர் ஆளைக் கொண்டுபோனால் கவர் மொத்தமும் பயனற்றுப் போகும், அதோடு கூடுதல் சேதத்துக்கான வாய்ப்பும் 50 ஏறும். ஆனால் பக்கவாட்டுக்குப் போகிற ஆள் இதுவரை திறக்காத இருட்டுக்குள் காலை வைத்தால் இரண்டாவது கூட்டமும் எழுந்துவிடும், எனவே ஏற்கெனவே நடந்த பாதை வழியாக வளைக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் வளைக்காதீர்கள்.

வளைக்க முடியாத இடத்துக்குத்தான் கையெறி குண்டு. அது தவறாது, 3 சேதம், மறைவையும் சேர்த்து உடைக்கும். இதை டர்னின் எந்த இடத்தில் வீசுவது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். என் கணக்கு இப்படி: மறைவை உடைப்பதற்காக என்றால் முதலில் வீசுங்கள், பின்னால் சுடுகிற எல்லோருக்கும் குறி கூடும். கொல்வதற்காக என்றால் கடைசிக்கு வையுங்கள். 45 சதவீதத்தில் இரண்டு பேர் சுட்டால் இரண்டுமே தவறுவதற்கு 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அந்த 30-க்குத்தான் காப்பீடு மாதிரி மூன்றாவது ஆளின் குண்டு. சுட்டதிலேயே விழுந்துவிட்டால் குண்டு மிச்சம், அதோடு ஏலியனின் ஆயுதத் துண்டுகளும் கிடைக்கும், வெடித்துச் செத்தால் அவை கிடைக்காது, ஆராய்ச்சிக்கு அந்தத் துண்டுகள் ஆரம்பத்தில் தங்கம்.

சண்டை மிஷனுக்குள்ளேயே ஒவ்வொரு டர்னும் ஒரு குட்டிப் புதிர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு செக்டாய்டுகள். ஒன்று முன்னால், காருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது, மற்றொன்று தூரத்தில் ஒரு சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டியபடி, முன்னால் இருப்பதற்குத் தன் மனசை இணைத்து வலு ஏற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு கோடு துடிக்கிறது. இயல்பாகவே கை, கிட்டத்தில் இருக்கிற, வலு ஏறிய அந்த முன்னால் நிற்பதைச் சுடத்தான் போகும். அதை விட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து இணைப்பைக் கொடுக்கிற செக்டாய்டைக் கொன்றால் இணைப்பைப் பெறுகிறதும் சேர்ந்து விழும். அதன் உயிர், இம்பாசிபிள் என்கிற மிகக் கடினமான நிலை தவிர்த்த மற்ற நிலைகளில் 3, உங்கள் குண்டின் சேதமும் 3. ஓர் ஆளை நகர்த்திக் குண்டு எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோனால் ஒரே வீச்சில் இரண்டும் முடிந்தது, மற்ற மூன்று பேரும் ஓவர்வாட்சில் நிற்கலாம். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், சுடுவதற்கு முன் ஐந்து விநாடி திரையைச் சும்மா பார்ப்பது தானாகவே பழகிவிடும்.

நேரம் எதிரியின் பக்கம் இருக்கும்போது

புதிர் மிஷன்கள் பெரும்பாலும் எக்ஸ்காமுக்குப் பணம் தருகிற நாடுகளின் கவுன்சிலிடம் இருந்து வரும். ஒரு பிரமுகரைக் கூட்டி வரச் சொல்வார்கள், குண்டை அணைக்கச் சொல்வார்கள், ஒரு கிராமத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவரச் சொல்வார்கள். மேலே சொன்ன ஊர்ந்து போகிற ஆட்டத்தை இங்கே ஆடினால் சாவீர்கள். ஏலியன் இங்கே இலக்கு இல்லை, வழியில் நிற்கிற பூட்டிய கதவு. சில கதவை உடைக்கலாம், சிலதைச் சுற்றிப் போகலாம், சிலதை அப்படியே விட்டுவிட்டு நடக்கலாம்.

பிரமுகர் மிஷனை எடுத்துக்கொள்வோம். அவரைக் கண்டுபிடித்ததும் அவரும் உங்கள் கையில் ஓர் ஆளாகச் சேர்ந்துகொள்வார், அவர் பத்திரமாக விமானத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் விடை. திரும்பும் வழியில் மனித வேடமிட்ட தின் மேன் என்கிற ஏலியன்கள் கூரையில் இருந்தும் வானத்தில் இருந்தும் குதிப்பார்கள், குதித்ததுமே ஓவர்வாட்சில் நிற்பார்கள். இதைத் தெரியாமல் பிரமுகரை முதலில் ஓடவிட்டால் அவர் மேல் மூன்று நான்கு குண்டு பாயும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். பிரமுகரை நகர்த்துவதற்கு முன்பே உங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பும் பாதையைப் பார்த்தபடி ஓவர்வாட்சில் இருக்க வேண்டும், பிரமுகர் கடைசியாக, ஒரே ஒரு நகர்வு, முழு கவருக்கு. குதிக்கிறவர்கள் குதிக்கிற வேகத்திலேயே உங்கள் குண்டுகளை வாங்குவார்கள். அப்படியும் ஒருவன் தப்பி ஓவர்வாட்சில் நின்றால், லைட்னிங் ரிஃப்ளெக்ஸஸ் என்கிற திறனைக் கற்ற அசால்ட் வகை வீரரை அவன் கண்முன் ஓடவிடுங்கள். அவர் மேல் வருகிற முதல் ஓவர்வாட்ச் குண்டு கட்டாயம் தவறும், அவன் ஓவர்வாட்ச் செலவாகிவிடும், பின்னாலேயே பிரமுகர் நிம்மதியாக நடக்கலாம். சப்போர்ட் வகை வீரரின் புகைக்குண்டுக்கு இந்த ஒரு மிஷனில் இருக்கிற மதிப்பு வேறெங்கும் இல்லை, தயவுசெய்து மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி நியூஃபவுண்ட்லாந்து. எனிமி விதினில் வருகிற இந்த மிஷனைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் ஆரம்பித்தேன் என்றே சொல்லலாம், சண்டைக்கும் புதிருக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடத் தெளிவாக இந்த ஆட்டத்தில் வேறெங்கும் தெரியாது. கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர், பனி, ஆள் நடமாட்டமே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் அனுப்புகிறார்கள். உள்ளே போகப் போக ஜாம்பிகள், அவற்றோடு மனிதர்களைக் கொன்று ஜாம்பியாக்குகிற கிரிசாலிட் என்கிற ஏலியன்கள். கடைசியில் கரையில் நிற்கிற கப்பலுக்குள் ஒரு பெரிய திமிங்கிலத்தின் உடல், அதற்குள் இருந்து கிரிசாலிட்கள் வெளியே வருகின்றன. அந்த இடத்தில் ஒரு கருவியை இயக்கினால் மேலிருந்து குண்டு வீசி ஊரோடு சேர்த்து அந்தக் கூட்டை அழிப்பார்கள். இயக்கியபின் சில டர்ன்களுக்குள் உங்கள் ஆட்கள் வந்த வழியே விமானத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

முதல் தடவை நான் இதைச் சண்டை மிஷனாகத்தான் ஆடினேன். ஆறு பேரையும் கப்பலுக்குள் ஏற்றி, கிரிசாலிட்களை எல்லாம் முடித்துவிட்டுக் கருவியைத் தொடலாம் என்று ஓவர்வாட்சில் நிறுத்தினேன். மூன்று விழுந்தன, அடுத்த டர்னில் திமிங்கிலத்தில் இருந்து இன்னும் வந்தன, அவற்றை முடித்தேன், மறுபடியும் வந்தன. துப்பாக்கிகள் காலியாகி ரீலோட் செய்கிற டர்னில் ஒரு கிரிசாலிட் என் ஸ்னைப்பரிடம் வந்து சேர்ந்தது, அவரைக் காப்பாற்ற இன்னொருவரைத் திருப்பினேன், அவரும் போனார். கருவியைத் தொட்டபோது மிச்சமிருந்தது நான்கு பேர், விமானத்துக்குத் திரும்பியது மூன்று பேர். மாதக்கணக்கில் வளர்த்த ஆட்கள் அவர்கள். அன்றைக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அவை தீரவே தீராது என்பதும், எத்தனை கொன்றாலும் விடைக்கு ஓர் அங்குலம்கூட நெருங்கவில்லை என்பதும் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது.

இப்போது நான் ஆடும் விதம் இது. ஊருக்குள் போகும்வரை மெதுவாகப் போகலாம், அங்கே கடிகாரம் இல்லை, வழியில் இருக்கிற ஜாம்பிகளையும் கிரிசாலிட்களையும் அப்போதே ஒழித்துவிட வேண்டும், ஏனென்றால் திரும்பி ஓடுகிற பாதையும் அதுதான். கப்பலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குழுவைச் சங்கிலி மாதிரி நிறுத்துவேன்: இரண்டு பேர் விமானத்துக்குப் பக்கமாகப் பின்வாங்கி, இரண்டு பேர் பாதி வழியில் ஒரு கூரையோ மேடோ பார்த்து, ஒருவர் கப்பல் வாசலில், இருப்பதிலேயே அதிகத் தூரம் ஓடக்கூடிய ஒரே ஓர் ஆள் மட்டும் உள்ளே. கருவியைத் தொட ஒரு கை போதும். அவர் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது அவரைத் துரத்துகிற கிரிசாலிட்கள் சங்கிலியில் நிற்கிற ஒவ்வொருவரின் ஓவர்வாட்சுக்குள்ளும் வந்து விழும், ஒவ்வொரு கண்ணியும் சுட்டு முடித்ததும் தானும் பின்வாங்கும். கடைசி ஆளாக ஓடுகிறவருக்குக் கொக்கிக் கயிறு இருக்கிற ஸ்கெலிட்டன் சூட் போட்டிருந்தால் அவரைப் பற்றிக் கவலையே வேண்டாம். எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள், அதுதான் முக்கியம்: கருவியில் இருந்து விமானம் வரை அந்த ஆளுக்கு எத்தனை டர்ன் ஆகும் என்று உள்ளே போகிற வழியிலேயே எண்ணிக்கொண்டு போங்கள்.

யாரைக் கூட்டிப் போவது

சண்டை மிஷனில் ஸ்னைப்பர் ராஜா. மற்றவர்கள் பார்க்கிற ஏலியனைத் தூரத்தில் இருந்தே சுடுகிற ஸ்குவாட்சைட் திறன் கிடைத்துவிட்டால் அவர் பின்னால் மேட்டில் உட்கார்ந்து பாதி மிஷனை முடித்துத் தருவார். ஆனால் ஸ்னாப் ஷாட் என்கிற திறனை எடுக்காத ஸ்னைப்பர் நகர்ந்த டர்னில் தன் பெரிய துப்பாக்கியால் சுட முடியாது. ஒவ்வொரு டர்னும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய புதிர் மிஷனில் அவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கிற ஓர் ஆள், அவ்வளவுதான். ஹெவியின் ராக்கெட்டுக்கும் அதே சிக்கல், நகர்ந்தபின் அதை ஏவ முடியாது. பயணம் நீண்ட மிஷனில் இந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம், என்னைக் கேட்டால் ஹெவி, மறைவோடு சேர்த்துக் கதவை உடைக்க அந்த ஒரு ராக்கெட் உதவும்.

புதிர் மிஷனுக்கு என் முதல் இரண்டு தேர்வு அசால்ட்டும் சப்போர்ட்டும். அசால்ட் முழுத் தூரம் ஓடிவிட்டும் ரன் அண்ட் கன் திறனால் சுடலாம். சப்போர்ட் வளரும்போது ஸ்பிரின்டரா கவரிங் ஃபயரா என்று கேட்கும் இடத்தில் ஒருவருக்காவது ஸ்பிரின்டர் எடுத்து வையுங்கள், அந்தக் கூடுதல் மூன்று கட்டம் பிரமுகர் மிஷனில் ஓர் உயிர். எனிமி விதினில் மரபணு மாற்றம் செய்ய முடிகிற நிலை வந்ததும், மிமெட்டிக் ஸ்கின் போட்ட ஓர் ஆளை இரண்டு வகைக்கும் வைத்துக்கொள்ளலாம். யாரும் பார்க்காதபோது முழு கவருக்குள் நகர்ந்தால் மறைந்துவிடுவார், எந்தக் கூட்டத்தையும் எழுப்பாமல் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்.

எக்ஸால்ட் என்கிற மனிதக் கூட்டத்தோடு வருகிற ரகசிய மிஷன்களுக்குக் குழுவை விடவும் நீங்கள் முன்கூட்டி ஊடுருவ அனுப்புகிற அந்த ஒற்றை ஆள்தான் முக்கியம். கையில் கைத்துப்பாக்கி மட்டும்தான், ஆனால் வரைபடத்தில் இருக்கிற தொலைத்தொடர்புக் கருவியை அவர் தொட்டால் அப்போது களத்தில் இருக்கிற எக்ஸால்ட் ஆட்களின் துப்பாக்கிகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். கண்டதும் தொட்டுவிடாதீர்கள். அவர்கள் நிறையப் பேர் ஒன்றாகக் களத்தில் இறங்கி, உங்கள் ஆட்கள் மோசமான இடத்தில் மாட்டிக்கொள்ளும் டர்ன் ஒன்று வரும், அந்த டர்னுக்காக வைத்திருங்கள்.

இரண்டும் கலந்தவை

பயங்கரவாத மிஷனில் 18 பொதுமக்கள் இருப்பார்கள். திரையில் கடிகாரம் ஓடாது, ஆனால் ஒவ்வொரு டர்னும் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள், கிரிசாலிட் கொன்றால் அந்த மனிதர் ஜாம்பியாகி, பிறகு இன்னொரு கிரிசாலிட்டாகவும் ஆகிவிடுவார். கடைசி ஏலியனைக் கொன்றால்தான் முடியும் என்பதால் சண்டைதான், ஆனால் எண்ணிக்கை குறைவதால் புதிரும்கூட. முதல் மூன்று டர்ன் புதிராக ஆடுங்கள், பக்கத்தில் ஓர் ஆள் போனாலே பொதுமக்கள் தப்பி ஓடிவிடுவார்கள் என்பதால் வழியில் இருப்பவர்களைத் தொட்டுக்கொண்டே போங்கள். கிரிசாலிட் கண்ணில் பட்ட டர்னில் இருந்து சண்டைக்கு மாறுங்கள், அதற்குப் பிறகு மூலையில் இருக்கிற ஒருவருக்காகத் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். 18 பேரையும் காப்பாற்ற வேண்டும் என்று மனசு சொல்லும். எனக்கும் சொல்லும். அந்த நாட்டின் பீதி கட்டுக்குள் இருக்க அவ்வளவு தேவைப்படாது.

மெல்ட் விஷயமும் இதே. சாதாரண மிஷனில் இரண்டு குப்பிகள், குறிப்பிட்ட டர்னுக்குள் எடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும். ஊர்ந்தே ஆடுகிறவர்களைக் கொஞ்சம் நடக்கவைக்க வைத்த ஏற்பாடு இது, 2016-இல் வந்த எக்ஸ்காம் 2 பல மிஷன்களில் நேரடியாகவே டர்ன் கணக்கு வைத்துவிட்டது. முதல் குப்பியை எடுங்கள். இரண்டாவது வழியில் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் அழியட்டும் விடுங்கள்.

சேவ், லோட் பற்றி ஒரு வார்த்தை. 1998-இல் வந்த கமாண்டோஸ் என்கிற ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அது முழுக்க முழுக்கப் புதிர், ஓர் ஆள் செத்தாலும் மிஷன் போச்சு, ஒவ்வொரு காவலாளியின் பச்சைப் பார்வையையும் அளந்து, தவறினால் லோட் செய்து, சரியான அந்த ஒரு வழி கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப ஆடுவோம். அதே பழக்கத்தோடு எக்ஸ்காமின் சண்டை மிஷனுக்கு வந்தால், தவறிய குண்டுக்காக லோட் செய்யத் தோன்றும். செய்து பாருங்கள், அதே ஆள் அதே குண்டைச் சுட்டால் அதே மாதிரிதான் தவறும், ஆட்டம் அந்தத் தாயக்கட்டையைச் சேவிலேயே எழுதி வைத்திருக்கிறது. செகண்ட் வேவ் என்கிற கூடுதல் அமைப்புகளில் அதை மாற்ற ஒரு வழி இருக்கிறது, நான் அதைத் தொடச் சொல்ல மாட்டேன். சண்டை மிஷனில் சரியான வழி என்று ஒன்று கிடையாது, தவறினாலும் தாங்குகிற மாதிரி ஆட்களை நிறுத்துவதுதான் திறமை. புதிர் மிஷனில் வேண்டுமானால் ஒரு தடவை லோட் செய்து கற்றுக்கொள்ளுங்கள், பாதை தெரியாமல் செத்ததற்கும் குறி தவறிச் செத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடைசியாகக் குண்டு அணைக்கிற மிஷன். இது பாதியில் வகை மாறும், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். ஆரம்பத்தில் சுத்தமான புதிர்: டர்ன் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும், குண்டுக்குச் சக்தி தருகிற கருவிகள் அங்கங்கே மின்னிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் நேரம் கூடும். முதல் டர்னில் தைரியமாக முன்னேறுங்கள், இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள், தனி ஆளாக யாரும் வேண்டாம். பாதையில் இருக்கிற கருவிகளை மட்டும் நிறுத்துங்கள், எதிர்த்திசையில் இருப்பதற்குப் போய் வருகிற நேரமும் அது தருகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். இப்படிக் குண்டு இருக்கிற இடத்துக்குக் கையில் ஒரு டர்ன் மிச்சத்தோடு வந்துவிட்டீர்கள் என்றால், உடனே தொடாதீர்கள். அணைத்ததும் சுற்றிலும் புதிதாக ஏலியன்கள் இறங்கும், அந்த நொடியில் இருந்து இது சண்டை மிஷன், கடிகாரம் போய்விட்டது, கடைசி ஏலியன் விழும்வரை முடியாது. அந்த மிச்ச டர்னில் எல்லோரும் ரீலோட் செய்யட்டும், ஓடி வந்த அவசரத்தில் அரை கவரிலும் வெட்டவெளியிலும் நிற்கிறவர்கள் முழு கவருக்கு மாறட்டும், ஸ்னைப்பரைக் கூட்டி வந்திருந்தால் அவருக்கு மேடு தேடுங்கள், மற்றவர்கள் எல்லோரும் ஓவர்வாட்ச் போட்ட பிறகு அந்த டர்னின் கடைசிச் செயலாகக் குண்டைத் தொடுங்கள்.